அடுப்பில்லாத அலுவலகச் சமையலறையில் மதிய உணவு ஆக்குவது எப்படி

அலுவலகங்களில் பேன்ட்ரி என்று அழைக்கப்படும் சிறிய அறையில் பெரும்பாலும் ஒரு மைக்ரோவேவ், வெந்நீர் தரும் டிஸ்பென்சர் அல்லது மின்கெட்டில், ஒரு ஃபிரிட்ஜ், கை கழுவும் தொட்டி ஆகியவையே இருக்கும். கத்தி இருக்காது, பல இடங்களில் அதைக் கொண்டுவரவும் அனுமதிக்க மாட்டார்கள். வாணலி, இட்லிப் பானை, மிக்சி, அம்மி, வடிகட்டி ஆகியவற்றைத் தேடவே வேண்டாம். வீட்டிலிருந்து எடுத்துவந்த சோற்றைச் சூடாக்கிக் கொள்வதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தால் நல்ல சாப்பாட்டை இழந்து, நாள்தோறும் வெளியில் வாங்கிச் சாப்பிட்டுப் பணத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொள்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் சமையலில் இரண்டு வகைச் சூடு உண்டு. தண்ணீர் கொதிக்கும் சூடு 100 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும்; அரிசி வேகவும், பருப்பு குழையவும், அவல் ஊறவும், ரசம் நுரை கட்டவும் அது போதும். கடுகு வெடிக்கவும், ரவை மணக்கவும், மிளகாய் வற்றல் நிறம் மாறவும் அதைவிட மிகுந்த சூடு வேண்டும். அதை எண்ணெயும் காய்ந்த வாணலியும்தான் தரும். அலுவலகத்தில் நமக்குக் கிடைப்பது முதல் வகைச் சூடு மட்டுமே. ஆகவே எண்ணெய்ச் சூடு வேண்டிய வேலையை எல்லாம் வீட்டில் முடித்துவிட்டு, வெந்நீர்ச் சூடு போதுமான வேலையை மட்டும் அலுவலகத்துக்கு விட்டுவைத்தால், இல்லாத கருவிகளில் பாதிக்கு மேல் தேவையே இல்லாமல் போய்விடும்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

எல்லாவற்றிலும் முதன்மையானது தாளிப்புப் புட்டி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் மூன்று, இரண்டு சிட்டிகை பெருங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, கடைசியில் ஈரம் போகத் துடைத்த கறிவேப்பிலையைச் சேர்த்து, இலை நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத சிறிய கண்ணாடிப் புட்டியில் அடைத்துக்கொள்ள வேண்டும். இலையில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும்; அதனால்தான் நொறுங்கும் பதத்தை வற்புறுத்திச் சொல்கிறேன். பூண்டை இதில் சேர்க்கவே கூடாது. காற்றுப் புகாமல் எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில் போட்டுலினம் என்னும் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. பூண்டு வாசனை வேண்டுபவர்கள் அன்றன்றைக்கு நசுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கான இந்தப் புட்டி கைவசம் இருந்தால் அவல், சேவை, சுண்டல், ரசம், தயிர்ச்சாதம் ஆகிய எதற்கும் ஒரு தேக்கரண்டியைக் கலந்து வீட்டுச் சமையலின் மணத்தைக் கொண்டுவந்துவிடலாம்.

மைக்ரோவேவிலேயே தாளித்துவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், ஆனால் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. நுண்ணலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு எண்ணெய் உறிஞ்சாது. அது மெதுவாகச் சூடேறி, எவ்வளவு சூடேறியது என்பதை வெளியே காட்டாமலே இருக்கும். கடுகு வெடிக்கும் நேரத்தில் கண்ணாடிக் கிண்ணத்தையும் கையையும் சேர்த்துப் பதம்பார்த்துவிடும். பலர் வந்துபோகும் பொது அறையில் அந்த வேலை வேண்டாம்.

இரண்டாவதாக, உப்புமாக் கலவை. ஒரு டம்ளர் ரவையை இரண்டு மேசைக்கரண்டி நெய்யிலோ எண்ணெயிலோ கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை ஆகியவற்றுடன் சிறு தீயில் நிறம் மாறாமல் மணம் வரும்வரை வறுத்து, முக்கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து ஆறவைத்துப் புட்டியில் போட்டுவிட்டால், உப்புமாவுக்கு உரிய கடினமான வேலை அத்தனையும் முடிந்துவிட்டது. பச்சை மிளகாயையும் இஞ்சியையும் இதில் சேர்க்க வேண்டாம். அவற்றின் ஈரம் கலவையைக் கெடுத்துவிடும். இதே முறையில் சேமியாவையும் வறுத்து வைத்துக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, ரசப்பொடி ஆகியவை பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைச் சிறு டப்பாக்களில் எடுத்துவந்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது மட்டுமே புதிதாகச் செய்ய வேண்டியது.

மைக்ரோவேவின் பலத்தை அறிந்துகொள்ளுதல்

சமையல் குறிப்புகளில் மூன்று நிமிடம் என்றும் ஐந்து நிமிடம் என்றும் எழுதியிருப்பது உங்கள் அலுவலகத்து மைக்ரோவேவுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம், ஒவ்வோர் இயந்திரத்தின் பலமும் வேறுவேறு என்பதே. அதை ஒரே ஒரு முறை சோதித்து அறிந்துகொண்டால் போதும். 250 மில்லி அளவுள்ள தண்ணீரை, பீங்கான் குவளையில், மரக்குச்சி ஒன்றை உள்ளே போட்டு, முழுப் பலத்தில் வைத்து, அது தளதளவென்று கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் சுமார் 30 டிகிரியில் இருக்கும். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் கொதித்தால் அது ஏறக்குறைய 800 வாட் பலமுள்ளது. இரண்டு நிமிடத்தை நெருங்கினால் 700 வாட் அல்லது அதற்கும் கீழ். இங்கே நான் சொல்லும் நேரங்கள் யாவும் 800 வாட்டுக்கு உரியவை. உங்களுடையது 700 வாட் என்றால் ஏழு நிமிட வேலைக்கு எட்டு நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மரக்குச்சியை ஏன் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழமழப்பான குவளையில் உள்ள தண்ணீர் மைக்ரோவேவில் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் குமிழி விடாமல் அசைவற்று நிற்கக்கூடும். அதை வெளியே எடுத்து, காப்பித்தூளையோ கரண்டியையோ போட்ட கணத்தில் முழுவதும் சீறிப் பொங்கிக் கையைச் சுட்டுவிடும். குச்சியின் சொரசொரப்பான மேற்பரப்பு குமிழிகள் உண்டாக இடம் கொடுப்பதால் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கும்.

நுண்ணலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் ஊடுருவும்; அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி வெளிப்பகுதியிலிருந்து சூடு பரவித்தான் வேக வேண்டும். குவித்து வைத்த சோறு ஓரத்தில் சுட்டும் நடுவில் சில்லென்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே உணவை அகலமான தட்டில் பரப்பி, நடுவில் குழி செய்து, வளையம்போல் வைக்க வேண்டும். பாதி நேரத்தில் வெளியே எடுத்து ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் கிளறிவிட வேண்டும். நேரம் முடிந்ததும் உடனே திறந்து சாப்பிடாமல், மூடியபடியே இரண்டு நிமிடம் விட்டுவைக்க வேண்டும். பழைய சோறாக இருந்தால் ஒரு டம்ளர் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்து மூடி வைத்தால், அந்தத் தண்ணீர் ஆவியாகிச் சோற்றை மீண்டும் மென்மையாக்கிவிடும். இந்த விட்டுவைக்கும் நேரத்தைத்தான் அவசரத்தில் எல்லாரும் தவிர்க்கிறார்கள். உணவின் பதம் உண்மையில் அமைவதோ அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

மூடி இல்லாதபோது ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடலாம். வாழையிலை கிடைத்தால் அதைவிட நல்ல மூடி இல்லை. இலையின் ஈரம் ஆவியைக் கூட்டும், மணமும் சேரும். ஆனால் உணவகங்களில் பொட்டலம் கட்டப் பயன்படும், இலைபோல் அச்சிட்ட, உள்ளே பிளாஸ்டிக் பூசிய தாளை அவ்வாறு பயன்படுத்தக் கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிவதையோ வைப்பதையோ உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிகளே தடைசெய்திருக்கின்றன. அச்சு மை உணவில் இறங்கும். எவர்சில்வர் டப்பா, அலுமினியத் தாள், மெலமைன் தட்டு ஆகிய மூன்றும் மைக்ரோவேவுக்கு ஆகாதவை. அடியில் 5 என்ற எண்ணும் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியும் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களை வைக்கலாம். குறி இல்லாத பார்சல் டப்பாக்களை வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது. தேயிலைப் பையின் நூலைப் பிடித்திருக்கும் சிறிய கம்பிப் பின்கூடப் பொறி கிளப்பும் என்பதால், பையைத் தண்ணீர் சூடான பிறகே போட வேண்டும். தோலுடன் உள்ள அவித்த முட்டையை மட்டுமன்றித் தோலுரித்த முழு முட்டையையும் சூடாக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி, கடித்த பிறகுகூட வாயில் வெடிக்கும். பாதியாக வெட்டிய பிறகே அதைச் சூடாக்க வேண்டும்.

இனி உப்புமா. முன்பு சொன்ன கலவையில் அரை டம்ளரை, நீர் சேர்ந்த பிறகும் பாதிக்கு மேல் நிறையாத அகலமான பீங்கான் கிண்ணத்தில் போட்டு, ஒன்றேகால் டம்ளர் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறி, மூடி, இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். எடுத்து ஒரு முறை கிளறி மேலும் ஒரு நிமிடம் வைத்து, பிறகு மூன்று நிமிடம் மூடியபடியே விட்டால் பொலபொலவென்று உப்புமா வந்திருக்கும். கிண்ணம் சிறியதாக இருந்தால் பொங்கி வழிந்துவிடும் என்பதால் அளவை நினைவில் கொள்ளுங்கள்.

மைக்ரோவேவுக்கு மிகவும் ஒத்துவருவது ரசம் என்பது என் முடிவு. சாம்பாரைப்போல் அதை நெடுநேரம் கொதிக்கவிடுவதில்லை. நுரை கூடி வரும்போதே இறக்கிவிடுகிறோம். நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டைக் கையாலேயே பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீருடன் மூடி மூன்று நிமிடம் வைத்தால் குழைந்துவிடும். கரண்டியின் முதுகால் மசித்து, ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு தேக்கரண்டி ரசப்பொடி, உப்பு, நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று சேர்த்து, ஓரத்தில் நுரை கட்டும் வரை மட்டும், ஏறக்குறைய இரண்டு நிமிடம், சூடாக்க வேண்டும். மேலே அரைத் தேக்கரண்டி தாளிப்பை விட்டால் போதும்.

முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, உப்பிட்டு, மூடி மூன்று நான்கு நிமிடம் வைத்தால் சுண்டலுக்கு ஆகும். கொண்டைக்கடலையை இப்படி வேகவைக்க இயலாது. அதை வீட்டிலேயே குக்கரில் அவித்து எடுத்துவர வேண்டும். உருளைக்கிழங்கின் தோலை முள்கரண்டியால் ஐந்தாறு இடங்களில் ஆழக் குத்தி, நடுத்தர அளவுள்ள ஒன்றை நான்கைந்து நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை புரட்டிவிட்டால் வெந்துவிடும். தோலைக் கையால் உரித்து, டம்ளரின் அடிப்பாகத்தால் மசித்து, உப்பும் தாளிப்பும் கலந்தால் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைக்க நல்ல மசாலா தயார். குத்தாமல் வைத்தால் தோலுக்குள் ஆவி அடைபட்டு வெடிக்கும். அப்பளத்தை ஒவ்வொன்றாக வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் எண்ணெயே இல்லாமல் பொரிந்துவிடும்; கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டே இருந்து, முழுவதும் வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இட்லிப் பானை இல்லாத இடத்திலும் இட்லி ஊற்றலாம். புளித்த மாவைக் குளிர்ச்சி மாறாமல் எடுத்துவந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவிய சிறு பீங்கான் கிண்ணத்தில் பாதியளவு ஊற்றி, தட்டால் மூடி, ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் மேலும் பத்துப் பத்து விநாடியாக வைக்கலாம். இரண்டு நிமிடம் ஆறிய பிறகு கரண்டியால் ஓரத்தைச் சுற்றிவிட்டுக் கவிழ்க்க வேண்டும். அதிக நேரம் வைத்துவிட்டால் ரப்பர்போல் ஆகிவிடும் என்பதால் இதற்குக் கவனம் வேண்டும். காலையில் எடுத்துவந்த இட்லியைச் சூடாக்குவதானால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி, நான்கு இட்லிக்கு நாற்பது விநாடி போதும்.

கெட்டிலும் வெந்நீரும்

மின்கெட்டில் தண்ணீர் காய்ச்ச மட்டுமே ஆனது. தண்ணீர் கொதித்ததும் எழும் ஆவி, கைப்பிடிக்கு அருகே உள்ள இரட்டை உலோகப் பட்டையை வளைத்து விசையை அணைக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அந்தப் பக்கம் போகாது. கெட்டில் தானாக அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். பாலை ஊற்றினால் பொங்கி ஆவி செல்லும் வழியை அடைப்பதோடு அடியிலும் தீய்ந்து பிடிக்கும். நூடுல்ஸையும் முட்டையையும் கெட்டிலுக்குள் போட்டு வேகவைப்பவர்கள், அடுத்து அதில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பவரைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு ஒன்றும் இங்கே உண்டு. 1500 வாட் கெட்டில், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மேசைகளில் கணினிக்காகப் போட்டிருக்கும் சிறிய சாக்கெட்டுகளும் நீட்டிப்புப் பெட்டிகளும் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கு உரியவை. ஆகவே கெட்டிலை மேசையில் செருகக் கூடாது. பேன்ட்ரியில் உள்ள 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான் செருக வேண்டும். அங்கேயும் மைக்ரோவேவும் கெட்டிலும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் இருந்தால் ஒன்று முடிந்த பிறகே மற்றதைப் போட வேண்டும்.

வெந்நீர் மட்டுமே கிடைக்கும் இடத்துக்கு அவலும் சேவையும் கைகொடுக்கும். கெட்டி அவலை இரண்டு முறை கழுவி, தண்ணீரை ஒட்ட வடித்து, மூடிப் பத்து நிமிடம் வைத்தால் அந்த ஈரத்திலேயே ஊறிவிடும்; கொஞ்சம் வெந்நீர் தெளித்தால் விரைவாகும். தாளிப்பு, உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்தால் எலுமிச்சை அவல். புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளி அவல். உலர்ந்த அரிசிச் சேவையைக் கொதிநீரில் முழுக மூழ்கவிட்டு, மூடி, நான்கைந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். டிஸ்பென்சரின் வெந்நீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும் என்பதால் சேவைக்கு அதை மைக்ரோவேவில் ஒரு முறை கொதிக்கவைத்துக்கொள்வது நல்லது.

மைக்ரோவேவ் பழுதாகியிருக்கும் நாளில் எவர்சில்வர் டப்பாவே துணை. பெரிய கிண்ணத்திலோ தொட்டியிலோ கொதிநீரை ஊற்றி, இறுக மூடிய சாம்பார் டப்பாவை உள்ளே சாம்பாரின் மட்டம் வரை மூழ்குமாறு நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் டப்பாவைச் சுழற்றிக் கலக்கி, நீரை ஒரு முறை மாற்றி மேலும் ஐந்து நிமிடம் வைத்தால் உண்ணும் சூட்டுக்கு வந்துவிடும். இது உணவை இதமாக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. கெட்டுப்போகும் நிலையில் உள்ளதை இவ்வாறு மீட்க முடியாது.

ஃபிளாஸ்க்கில் கஞ்சி

அகன்ற வாயும் எவர்சில்வர் உட்புறமும் கொண்ட அரை லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்று இருந்தால் அதுவே அடுப்பு. முதலில் அதில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட வேண்டும். அரைமணி நேரம் ஊறிய அரிசி நொய் நான்கு மேசைக்கரண்டியும், பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டியும் அதில் இட்டு, கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் குலுக்காமல் வைத்து வடித்துவிட வேண்டும். குளிர்ந்த அரிசி சூட்டை இழுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே இந்த இரண்டாவது வெந்நீர். மூன்றாவதாகத் தளதளவென்று கொதிக்கும் நீரைக் கழுத்து வரை நிரப்பி உடனே மூடிவிட்டால், பத்தரை மணிக்கு வைத்தது ஒரு மணிக்குக் கஞ்சியாகக் குழைந்திருக்கும். உப்பும் தாளிப்பும் சேர்த்து நார்த்தங்காயோ மாவடுவோ தொட்டுக்கொண்டால் அதற்கு இணையான மதிய உணவைக் கடையில் வாங்க முடியாது. ஃபிளாஸ்க்கை அரைகுறையாக நிரப்பினால் சூடு நிற்காது. திறக்கும்போது ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் அந்தக் கஞ்சியை உண்ண வேண்டாம்.

இந்த முறையில் ராஜ்மாவை ஒருபோதும் வேகவைக்கக் கூடாது. அதில் இயற்கையாக உள்ள ஒரு நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். கொதிநிலைக்குக் கீழ் உள்ள சூட்டில் நெடுநேரம் கிடந்தால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பாலையும் இதில் ஊற்றி நேரம் கடத்தக் கூடாது.

வெட்டுதல், நசுக்குதல், வடித்தல்

கத்தி இல்லாத இடத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது, உணவுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளும் ஒரு கத்தரிக்கோல். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், பீன்ஸ் ஆகிய யாவற்றையும் கிண்ணத்துக்கு மேலேயே பிடித்து நறுக்கிவிடலாம்; பலகையே தேவைப்படாது. உறை வெட்டும் கத்தரிக்கோலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் பசை ஒட்டியிருக்கும். இரண்டாவது, தோல் சீவி. கேரட்டையும் வெள்ளரிக்காயையும் தோல் சீவிய பிறகும் நிறுத்தாமல் சீவிக்கொண்டே போனால் மெல்லிய நாடாக்களாக விழும். அதில் எலுமிச்சை பிழிந்தால் பச்சடி. அவித்த முட்டையையும் பனீரையும் சுத்தமான வெள்ளை நூலை இழுத்துப் பிடித்து அழகாகத் துண்டாக்கலாம்.

இஞ்சித் தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டினால் சதை வீணாகாது. உரித்த இஞ்சியை முள்கரண்டிப் பற்களின் மேல் அழுத்தித் தேய்த்தால் துருவியது போலவே வரும். பூண்டுப் பற்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி அரை நிமிடம் வேகமாகக் குலுக்கினால் தோல் கழன்றுவிடும். மிளகையும் சீரகத்தையும் கெட்டியான உறையில் போட்டு, டம்ளரின் அடியால் அழுத்தித் தேய்த்தால் ஒன்றிரண்டாக உடையும். வேர்க்கடலைக்குத் தண்ணீர் நிறைந்த புட்டியைக் குழவிபோல் உருட்ட வேண்டும். சட்னி மட்டும் மிக்சி இல்லாமல் வராது. அதற்குப் பதிலாகப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள்.

சேவையை வடிக்க, டப்பாவின் மூடியை விரல் நுழையாத அளவுக்கு விலக்கிப் பிடித்துக் கைக்குட்டையால் பற்றிக்கொண்டு தொட்டியில் சாய்க்கலாம். காப்பி வடிகட்டி இல்லாதவர்கள், குவித்த இரண்டு மேசைக்கரண்டி தூளை டம்ளரில் போட்டு, கொதித்து அடங்கிய நீரை அரை டம்ளர் ஊற்றி, ஒரு முறை கலக்கி மூடிப் பத்து நிமிடம் விட்டால் தூள் அடியில் தங்கிவிடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணி வழியே மெதுவாகச் சாய்த்தால் நல்ல டிக்காஷன் கிடைக்கும். பாலைத் தனியாகச் சூடாக்கிச் சேர்த்து, இரண்டு டம்ளர்களுக்கு இடையே ஆற்றினால் நுரை வரும். நுரைக்காகச் சூடான காப்பியைப் புட்டியில் அடைத்துக் குலுக்கிவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். குளிர்ந்த மோருக்கு மட்டுமே அந்த முறை பொருந்தும்: ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர், உப்பு, நசுக்கிய இஞ்சி, கிள்ளிய கறிவேப்பிலை, புட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் நன்றாகக் கடைபடும்.

அளவைக்கு, உங்கள் டம்ளர் எவ்வளவு கொள்ளும் என்பதை அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டு ஒரு முறை அளந்து தெரிந்துகொண்டால் போதும். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி.

கெடாமல் வைத்தல்

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆகவே வெறும் சோறு, பருப்பு, பொரியல், முட்டை ஆகியவற்றை அலுவலகம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, உண்ணும் நேரத்தில் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் புளியோதரை போன்ற புளிப்புள்ளவற்றைக் கொண்டுவருவது தகும். வழிப்பயணத்துக்கு நம் வீடுகளில் அதையே கட்டிக்கொடுத்தார்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் தேங்காய்ச் சட்னியும் வெயில் காலத்தில் நண்பகல்வரை தாங்கா.

வேலை முடிந்ததும் மைக்ரோவேவுக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடியையும் மரக்குச்சியையும் போட்டு மூன்று நிமிடம் வைத்து, கதவைத் திறக்காமல் மேலும் இரண்டு நிமிடம் விட்டால், சுவரில் தெறித்துக் காய்ந்த சாம்பாரும் ஊறி, ஈரத்துணியால் ஒரே துடைப்பில் வந்துவிடும். சுழல்தட்டை எடுத்துத் தனியாகக் கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் திரும்ப வையுங்கள்.